ராக்கெட்டைப் பார்த்தோம், எதைக் கண்டோம்?

நாடகத்துக்கு விமர்சனம் உண்டு. கச்சேரிக்கு விமர்சனம் உண்டு. எங்கள் மயிலாப்பூரில் சபாவின் சிற்றுண்டிச் சாலைக்குக்கூட விமர்சனம் உண்டு. ஆனால் இலட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் அண்ணாந்து பார்க்கும் ராக்கெட் ஏவும் நிகழ்ச்சிக்கு விமர்சனம் எழுதுவார் யார்? ராக்கெட்டைக் குறை கூறப் புறப்பட்டேன் என்று எண்ணிவிடாதீர்கள், வாசகர்களே. அதன் நிறை குறைகளை ஆராய வல்லுநர் குழுக்கள் இருக்கின்றன. அந்த ராக்கெட் நமக்கு எவ்வாறு காட்டப்படுகிறது? மணிக்கணக்கில் காத்திருந்த கூட்டம் எதைத் தெரிந்துகொண்டு வீடு திரும்புகிறது? இவையே என் கேள்விகள்.

2023ஆம் ஆண்டு ஜூலை 14, வெள்ளிக்கிழமை. பிற்பகல் 2.35க்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சந்திரயான்-3 புறப்பட வேண்டிய நாள். நான் கல்லூரிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த நாள் முழுவதையும் சென்னைத் தெருக்களில் காத்திருந்த மக்களோடு கழித்தேன்.

காலை எட்டு மணிக்குக் கபாலி கோயில் குளக்கரையில் ஒரு தேநீர்க் கடை. நாளிதழை வைத்துக்கொண்டு நால்வர் பேசிக்கொண்டிருந்தனர். கடைக்காரர் என்னிடம் கேட்டார்: "சார், நீங்க பிசிக்ஸ் வாத்தியார்தானே? இங்கேருந்து பார்த்தா தெரியுமா, தெரியாதா?"

நல்ல கேள்வி. பதிலும் எளியதே. ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் சென்னைக்கு ஏறக்குறைய நேர் வடக்கில், அடையாற்றிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. பூமி உருண்டை என்பதால், கடற்கரையில் நிற்பவரின் பார்வை ஏறத்தாழ 5 கிலோமீட்டரில் அடிவானத்தைத் தொட்டுவிடும். அதற்கு அப்பாலுள்ள 75 கிலோமீட்டர் வளைவைத் தாண்டித் தெரியவேண்டுமானால் ராக்கெட் 400 மீட்டருக்கு மேல் எழும்பியிருக்க வேண்டும். கட்டிடங்களும் மரங்களும் புகைமூட்டமும் மறைப்பதால் உண்மையில் இன்னும் பல மடங்கு உயரம் வந்த பிறகே நமக்குத் தெரியும். ஆக, புறப்படும் கணத்தைப் பார்க்க முடியாது. சிறிது நேரம் கழித்துப் பார்க்கலாம். இதைச் சொன்னதும் கடைக்காரர், "அப்போ பூமி உருண்டைங்கிறதை நம்ம மொட்டை மாடியிலேயே பார்க்கலாம்னு சொல்லுங்க" என்றார். வகுப்பில் நான் அரை மணி நேரம் சொல்வதை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். அன்று காலை நான் படித்த செய்திகளிலோ இந்த ஒரு வரி இல்லை.

பதினொரு மணிக்குத் தியாகராய நகர், உஸ்மான் சாலை. தொலைக்காட்சிப் பெட்டிகள் விற்கும் ஒரு கடையின் கண்ணாடிக்கு வெளியே ஐம்பது பேருக்குக் குறையாமல் நின்றிருந்தார்கள். ஜவுளி வாங்க வந்தவர்கள், பை சுமப்பவர்கள், கடைச் சிப்பந்திகள். எல்லாப் பெட்டிகளிலும் வெண்மையான ராக்கெட். ஓரத்தில் குறைந்துகொண்டே வரும் கடிகாரம். சீருடை அணிந்த ஒரு கடைப் பெண் என்னருகில் நின்றாள். "நேத்து ஒரு மணிக்கே எண்ண ஆரம்பிச்சிட்டாங்களாம் சார். பத்து, ஒன்பது, எட்டுன்னு எண்ணுறதுக்கு ஒரு நாளா?" என்றாள்.

சிரிக்க வேண்டாம். அவள் கேட்டதுதான் அன்றைய தலையாய கேள்வி. கவுண்ட்டவுன் என்னும் இறங்குமுக எண்ணிக்கை அன்று 25½ மணி நேரம் நடந்தது. அது வெறும் எண்ணிக்கை அன்று. ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து சரிபார்க்க வேண்டிய வேலைகளின் பட்டியல். எல்.வி.எம்-3 ஏவுகலம் 43.5 மீட்டர் உயரமும் 640 டன் எடையும் உடையது. அதன் இரு பக்கங்களிலும் உள்ள திட எரிபொருள் மோட்டார்களை முன்கூட்டியே நிரப்பி வைத்துவிடலாம். நடுவிலுள்ள திரவ எரிபொருள் கட்டத்தை எண்ணிக்கை தொடங்கிய பிறகே நிரப்புவர். உச்சியிலுள்ள கிரையோஜெனிக் கட்டமோ பெரும் பிடிவாதக்காரன். அதன் திரவ ஆக்சிஜன் சுழியத்துக்குக் கீழே 183 டிகிரி செல்சியசிலும், திரவ ஹைட்ரஜன் சுழியத்துக்குக் கீழே 253 டிகிரியிலும் கொதிப்பவை. ஜூலை மாத வெயிலில் அவை ஓயாமல் ஆவியாகிக்கொண்டே இருக்கும். ஆகவே கடைசி மணி நேரங்களில்தான் அவற்றை நிரப்ப இயலும்.

இதைச் சொல்லி முடிக்க எனக்கு இரண்டு நிமிடம் ஆயிற்று. தொலைக்காட்சிக்குக் கையில் மூன்றரை மணி நேரம் இருந்தது. நான் நின்றவரை அது காட்டியதெல்லாம் நிலவின் படம், வாழ்த்துச் செய்திகள், பின்னணி இசை, மீண்டும் நிலவின் படம். கேள்வி கேட்கும் கூட்டம் கண்ணாடிக்கு இப்பால். பதில் சொல்ல வேண்டியவர் அப்பால். நடுவில் இருந்த கண்ணாடி மிகவும் தடிப்பானது.

பிற்பகல் இரண்டு மணிக்குப் பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரை. மணல் காலைச் சுட்டது. ஷ்மிட் நினைவு மண்டபத்து நிழலில் கல்லூரி மாணவர்கள். குடை பிடித்த தாத்தா பாட்டிகள். ஊரூர் ஆல்காட் குப்பத்து மீனவர் சிலர். பலரும் கைபேசியைக் கையில் வைத்துக் கிழக்கே கடலைப் பார்த்து நின்றார்கள். வயதான மீனவர் ஒருவர் மட்டும் கடலுக்குப் பக்கவாட்டில் திரும்பி வடக்கு நோக்கி உட்கார்ந்திருந்தார்.

"எல்லாரும் தப்பா நிக்கிறாங்க தம்பி. அது வடக்கால கிளம்பும். அப்புறம் சிலது நேரா கிழக்கே போயிடும், சிலது தெற்கால திரும்பி நமக்கு எதிர்க்கக் கடல் மேல போகும்" என்றார்.

அவர் சொன்னது முற்றிலும் சரி. துருவங்களைச் சுற்றும் செயற்கைக்கோள்களைத் தெற்கு நோக்கி அனுப்ப வேண்டும். ஆனால் நேர் தெற்கே இலங்கை இருக்கிறது. எரிந்து முடிந்த பாகங்கள் மக்கள் வாழும் நிலத்தின்மேல் விழக்கூடாது. எனவே பி.எஸ்.எல்.வி. ஏவுகலம் முதலில் தென்கிழக்கே சென்று பிறகு தெற்கே திரும்பும். சந்திரயான் போன்றவை பூமியின் சுழற்சி தரும் உந்துதலையும் பெற்றுக்கொண்டு கிழக்குப் பக்கமாகச் செல்லும். ஏவும் நாள்களில் பழவேற்காட்டுப் பக்கத்து மீனவர்களை அந்தக் கடற்பகுதிக்குப் போக வேண்டாம் என்று எச்சரிப்பார்கள். ராக்கெட்டுக்காக ஒரு நாள் பிழைப்பைத் தள்ளி வைப்பவர்களைப் பற்றி அன்றைய வர்ணனையில் ஒரு சொல்லாவது கேட்டோமா? நான் கேட்கவில்லை.

மணி 2.35. அனைவரும் கைபேசியைக் குனிந்து நோக்கினர். திரையில் எண்ணிக்கை நடந்துகொண்டிருந்தது. திடீரென்று அந்தப் பெரியவர், "அதோ!" என்று கத்தினார். வடக்கே கட்டிடங்களுக்கு மேல், சுண்ணாம்புக் கோடு இழுத்தாற்போல ஒரு வெண்கோடு எழுந்தது. நுனியில் ஓர் ஒளிப் பொட்டு. என் பக்கத்து மாணவனின் கைபேசியிலோ அப்போதுதான் அடியில் நெருப்புக் கிளம்பியது!

ஏன் தெரியுமா? ஒளி 80 கிலோமீட்டரைக் கடக்க ஒரு விநாடியில் மூவாயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாது. கைபேசிக்கு வரும் படமோ எண்களாக மாற்றப்பட்டு, துண்டு துண்டாகக் கட்டப்பட்டு, ஆங்காங்கே தேக்கி வைக்கப்பட்டு வருகிறது. அன்று அது அரை நிமிடத்துக்கு மேல் பின்தங்கியிருந்தது. 'நேரலை' என்ற பெயரை நம்பியவர்கள் நேரே நடந்ததைத் தவறவிட்டனர்.

கோடு கை நீட்டிப் பிடித்த ஒரு சாண் உயரத்துக்குச் சற்று மேலே போயிற்று. பிறகு நின்றுவிட்டது. "ஐயோ, அணைஞ்சு போச்சே! வெடிச்சுதா?" என்று ஓர் அம்மா பதறினார். வெடிக்கவில்லை. திட எரிபொருளில் அலுமினியத் தூள் கலந்திருக்கிறது. அது எரிந்து வரும் அலுமினிய ஆக்சைடுதான் அந்த அடர்ந்த வெண்புகை. ஏறத்தாழ இரண்டு நிமிடத்தில், 62 கிலோமீட்டர் உயரத்தில், பக்க மோட்டார்கள் இரண்டும் கழன்று விழுகின்றன. அதன்பின் திரவ எரிபொருள் மட்டும் எரிகிறது. அதற்கு அவ்வளவு புகை கிடையாது. கோடு முடிந்தது என்றால் முதல் வேலை முடிந்தது என்று பொருள். அந்த அம்மாவின் பயத்தைப் போக்க ஒரு வாக்கியம் போதும். அதைச் சொல்ல ஆளில்லை.

கூட்டம் கைதட்டிவிட்டுக் கலைந்தது. அந்த மாணவனும், அவன் நண்பர்கள் இருவரும், நானும் மட்டும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும். 80 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ நான்கு நிமிடம். கேட்குமா? நான்கு நிமிடமும் போயிற்று, ஐந்தும் போயிற்று. அலையோசையும் சுண்டல்காரர் குரலுமே கேட்டன. "ஒண்ணும் கேக்கலை சார்" என்று மாணவன் ஏமாற்றத்தோடு சொன்னான். "அதையே எழுது. கேட்கவில்லை என்பதும் ஒரு முடிவுதான்" என்றேன். எழுதினான்.

இனி விமர்சனத்துக்கு வருவோம். என் குற்றச்சாட்டு ஒன்றே. இந்த நிகழ்ச்சி நமக்குத் தேர்த் திருவிழாவைப் போலக் காட்டப்படுகிறது. சோதனையைப் போலக் காட்டப்படுவதில்லை. நேரலையில் இரண்டு கோடுகள் தெரியுமே, கவனித்திருக்கிறீர்களா? ஒன்று ராக்கெட் செல்ல வேண்டிய வழி. மற்றொன்று அது செல்லும் வழி. நிகழ்ச்சி முழுவதிலும் சிறந்த பாடம் அந்தக் கோடுகள்தாம். எட்டாம் வகுப்பில் வரைபடம் போட்ட எவருக்கும் அவை புரியும். அதை விளக்க அன்று ஒருவரும் முன்வரவில்லை. நான் கேட்ட ஆங்கில, இந்தி அறிவிப்புகள் 'எல்லாம் இயல்பாக உள்ளன' என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லின. விழுப்புரத்துக்காரர் ப. வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த கலம் அது. அதன் வரைபடத்தைத் தமிழில் சொல்ல முடியாதென்று யாரும் சொல்லிவிட முடியாது.

தடங்கல் நேரும்போது இந்தக் குறை பெரிதாகிறது. 2019 ஜூலை 15 பின்னிரவில் சந்திரயான்-2 புறப்பட 56 நிமிடம் இருக்கும்போது கடிகாரம் நின்றது. ஸ்ரீஹரிகோட்டாவில் குடியரசுத் தலைவரும் வந்திருந்தார். பார்வையாளர் கூட்டமும் விழித்திருந்தது. 'தொழில்நுட்பக் கோளாறு' என்பதற்கு மேல் அன்றிரவு மக்களுக்கு விளக்கம் கிடைக்கவில்லை. ஒரு வாரம் கழித்து ஜூலை 22 அன்று அது நன்றாகவே சென்றது. நிறுத்தியது சரியான முடிவு. அதை விளக்காமல் விட்டதே குறை.

நிறையையும் சொல்ல வேண்டும். 2023 அக்டோபர் 21 அன்று ககன்யான் திட்டத்தின் முதல் சோதனைக் கலம் புறப்பட 5 விநாடி இருக்கையில் கணினி அதனை நிறுத்திவிட்டது. அப்போதைய இஸ்ரோ தலைவர் சோம்நாத் சற்று நேரத்திலேயே ஒலிபெருக்கிக்கு வந்தார். எஞ்சின் எதிர்பார்த்தபடி எரியத் தொடங்கவில்லை, கலம் பத்திரமாக இருக்கிறது, காரணத்தை ஆராய்ந்து சொல்கிறோம் என்று விளக்கினார். கண்காணிப்பு அமைப்பில் இருந்த கோளாறு சரிசெய்யப்பட்டு, 10 மணிக்குக் கலம் ஏவப்பட்டது. அந்தக் காலைப்பொழுதில் என் மாணவர்கள் கற்றது, தடையின்றி நடந்த பத்து ஏவுதல்களில் கற்றதைவிட அதிகம். இது புதிய மரபும் அன்று. 1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்.எல்.வி-3 கடலில் விழுந்தபோது சதீஷ் தவான் தாமே பத்திரிகையாளர் முன் பொறுப்பேற்றார் என்று அப்துல் கலாம் பலமுறை கூறியிருக்கிறார்.

"மக்கள் மகிழ வருகிறார்கள், அவர்களுக்குப் பாடம் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். சேப்பாக்கத்துக் கிரிக்கெட் ஆட்டத்தை ஒரு காலத்தில் வானொலியில் தமிழில் வர்ணித்தார்கள். எல்.பி.டபிள்யூ. என்றால் என்ன என்று அதைக் கேட்டே கற்றவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். விதி தெரிந்ததால் அவர்கள் மகிழ்ச்சி குறைந்ததா? கூடியது அல்லவா?

கைதட்ட மட்டும் பழகிய கூட்டம் தோல்வி வரும்போது திகைக்கும், அல்லது ஏசும். 2025 மே 18 அன்று பி.எஸ்.எல்.வி-சி61 மூன்றாம் கட்டத்தில் அழுத்தம் குறைந்ததால் இலக்கை எட்டவில்லை. மறுநாள் வகுப்பில் "நம்ம பணம் எல்லாம் போச்சு" என்று ஒரு மாணவன் சொன்னான். "எந்தக் கட்டம்? அதில் என்ன எரிபொருள்?" என்று மற்றொருவன் கேட்டான். நாட்டுக்கு வேண்டியவன் இந்த இரண்டாமவன். அவனை உருவாக்குவது நேரலை நடத்துவோரின் கடமை. என் போன்ற ஆசிரியர்களின் கடமையும்கூட. தொலைக்காட்சியைக் குறை கூறுமுன், 2023 வரை நானே ஒரு மாணவனையும் கடற்கரைக்கு அழைத்துச் சென்றதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த ராக்கெட் ஏவும் நாளில், மாணவ நண்பர்களே, கைபேசியைச் சட்டைப் பையில் வைத்துவிடுங்கள். சரியான மணி காட்டும் கடிகாரம் ஒன்றும் குறிப்பேடு ஒன்றும் போதும். வடக்கு நோக்கி நில்லுங்கள். முதலில் தெரிந்த நேரத்தைக் குறியுங்கள். புகைக்கோடு முடிந்த நேரத்தையும், அது எத்தனை சாண் உயரம் என்பதையும் குறியுங்கள். பிறகு நான்கு நிமிடம் பேசாமல் காது கொடுங்கள். மேகம் மறைத்தால், மறைத்தது என்று எழுதுங்கள். பக்கத்தில் நிற்கும் யாராவது "ஏன் சார்?" என்று கேட்டால், தெரிந்ததைத் தமிழில் சொல்லுங்கள். தெரியாவிட்டால் அந்தக் கேள்வியையும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.