இரண்டாம் பக்கத்துப் பாட்டுகள்

திருநெல்வேலியில் பழைய பாட்டில் ஊறிய இருவர் சந்தித்துக்கொண்டால், சுகம் விசாரித்து முடிவதற்குள் ஒரு கேள்வி வந்து நிற்கும்: "இந்தப் பாட்டைக் கேட்டிருக்கியளா?" கேட்கப்படுவது 'பாசமலர்' பாட்டாகவோ 'காதலிக்க நேரமில்லை' பாட்டாகவோ இருக்காது. படம் ஓடாமல் போய், வானொலியும் கைவிட்டு, ஏதோ ஒரு இசைத்தட்டில் மட்டும் தங்கிவிட்ட பாட்டாக இருக்கும். விஸ்வநாதன்-ராமமூர்த்தி ரசிகர்களிடம் இந்தப் பழக்கம் மிக வலுவானது. 'அபூர்வப் பாடல்' என்று அதற்கு ஒரு பெயரும் நிலைத்துவிட்டது. இந்தத் தேடலை நான் பெரிதும் மதிக்கிறேன். அதனாலேயே அதன் குறைகளையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

இசையமைப்பாளர் சி. ஆர். சுப்பராமன் குழுவில் ராமமூர்த்தி வயலின் வாசித்தவர். விஸ்வநாதன் ஆர்மோனியத்தோடு உதவியாக இருந்தவர். 1952-இல் சுப்பராமன் மறைந்தார். அதே ஆண்டில் நாகர்கோவில்காரரான என். எஸ். கிருஷ்ணனின் 'பணம்' படத்தில் இருவரும் சேர்ந்து இசையமைத்தார்கள். 1963-இல் மெல்லிசை மன்னர்கள் என்ற பட்டம் வந்தது. 1965-இல் 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தோடு பிரிந்தார்கள். பதின்மூன்று ஆண்டு உழைப்பு அது. 1964-ஐ மட்டும் எடுத்துப் பாருங்கள்: கர்ணன், காதலிக்க நேரமில்லை, பச்சை விளக்கு, பணக்கார குடும்பம், ஆண்டவன் கட்டளை, தெய்வத்தாய், கை கொடுத்த தெய்வம், வாழ்க்கை வாழ்வதற்கே, புதிய பறவை, கலைக்கோயில், படகோட்டி, கறுப்புப் பணம், சர்வர் சுந்தரம். ஒரே ஆண்டில் இத்தனை படம், படத்துக்கு ஆறேழு பாட்டு என்றால், மக்கள் நினைவில் நின்றதைவிட நழுவியதே அதிகமாக இருந்தாக வேண்டும்.

இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவும் ஏறக்குறைய இதே காலத்தது. 1962-இல் முதல் இசைத்தட்டு, 1970-இல் பிரிவு. அவர்களுடைய அதிகம் அறியப்படாத பாட்டைத் தேடுகிறவருக்கு வேலை சுலபம். குழுவே வரிசைப்படுத்தி வெளியிட்ட நீண்ட இசைத்தட்டுகள் இருக்கின்றன. முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை கேட்டால் போதும். நம்முடைய பாட்டுக்கு அப்படி ஒரு வீடு கிடையாது. அது படத்தோடு பிறந்தது. படம் பெட்டிக்குத் திரும்பியதும் பாட்டும் திரும்பிவிட்டது. ஒரு தமிழ்ப் பாட்டு மறக்கப்பட்டதற்கான காரணம் பெரும்பாலும் அந்தப் பாட்டில் இருப்பதில்லை என்பதை முதலில் மனதில் கொள்ள வேண்டும்.

'கலைக்கோயில்' இதற்கு நல்ல சாட்சி. ஸ்ரீதர் இயக்கம், படம் ஓடவில்லை. அதில் பாலமுரளிகிருஷ்ணாவும் சுசீலாவும் ஆபோகியில் பாடிய டூயட் ஒன்று இருக்கிறது. அதே படத்தில் எல். ஆர். ஈஸ்வரி பாடிய, மேற்கத்திய இரவு விடுதியின் வாசனை கொண்ட பாட்டு ஒன்றும் இருக்கிறது. சிட்டிபாபுவின் வீணையும் இருக்கிறது. ஆபோகிக்கும் விடுதிப் பாட்டுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று யோசித்துப் பார்த்தால், இந்த இருவரின் கை எட்டிய பரப்பு தெரியும். வெற்றிப் படங்களின் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டிருப்பவருக்கு இந்தப் பரப்பு முழுதாகப் புலப்படாது. 'கர்ணன்' போன்ற பெரிய படத்திலும் திரையில் இடம்பெறாமல் இசைத்தட்டில் மட்டும் கேட்கக் கிடைத்த டூயட் ஒன்று உண்டு. ஷெனாயும் சாரங்கியும் சந்தூரும் சேர்ந்து ஒலித்த அந்தப் படத்தின் இசையை முழுமையாக அறிய அதையும் கேட்டாக வேண்டும்.

தாமிரபரணிக் கரை ஊர்களில் இந்தத் தேடலுக்கு ஒரு முன்கதை இருக்கிறது. அதை இன்றைய சேகரிப்பாளர்கள் போதுமான அளவு மதிப்பதில்லை என்று எனக்குப் படுகிறது. சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழா என்றால் குடியழைப்பில் தொடங்கி மதியக்கொடை, சாமக்கொடைவரை மைக்செட் ஓய்வதில்லை. வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் நடக்கும் நேரம் போக மீதி நேரமெல்லாம் ரெக்கார்டுதான். எழுபத்தெட்டு சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று, மூன்றரை நிமிடம். ஒரு மணி நேரத்துக்குப் பதினேழு பதினெட்டு பக்கம் வேண்டும். பத்து மணி நேரத்துக்கு நூற்றெழுபதுக்கு மேல். பிரபலமான பாட்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் கொடையை ஓட்ட முடியாது. தட்டைத் திருப்பிப் போட்டாக வேண்டும். ஒரு பக்கத்தில் ஊரே பாடிய பாட்டு இருந்தால், மறுபக்கத்தில் அதே படத்தின் யாரும் கவனிக்காத பாட்டு இருக்கும். அம்பாசமுத்திரத்திலும் சேரன்மாதேவியிலும் ஏரலிலும் வயல் வேலைக்குப் போனவர்கள், பார்த்தேயிராத படங்களின் பாட்டுகளை இப்படித்தான் தெரிந்துகொண்டார்கள். மைக்செட்காரர் யாருக்கும் அபூர்வத்தைக் காட்ட நினைக்கவில்லை. நேரத்தை நிரப்ப வேண்டிய தொழில் கட்டாயம் அவரை நல்ல தொகுப்பாளராக ஆக்கியது.

இன்னொரு வழி இலங்கை வானொலி. கேஸ்கர் ஒலிபரப்புத் துறை அமைச்சராக இருந்த 1952-இல் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டுக்குக் கதவை அடைத்தது. 1957-இல் விவித்பாரதி வரும்வரையிலும், வந்த பிறகும், தெற்கத்திக் கரையில் கொழும்பு தெளிவாகக் கேட்டது. திருநெல்வேலி வானொலி நிலையம் தொடங்கிய 1963, மெல்லிசை மன்னர்கள் உச்சியில் இருந்த ஆண்டு. இரண்டு பக்கத்திலிருந்தும் பாட்டு வந்து விழுந்த ஊர் இது. எண்பதுகளில் ரெக்கார்டிங் சென்டர்கள் வந்தபோது, துண்டுச்சீட்டில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்து கேசட்டில் பதிந்து வாங்கும் பழக்கம் பரவியது. அறுபது நிமிடத்துக்குள் பதினாறோ பதினேழோ பாட்டுதான் அடங்கும். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று ஒவ்வொருவரும் யோசித்தாக வேண்டும். கவிஞர் கலாப்ரியாவின் 'நினைவின் தாழ்வாரங்கள்' கட்டுரைகளைப் படித்தவர்களுக்கு, அந்தக் காலத்து நெல்லை இளைஞனின் வாழ்வில் சினிமா எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது என்பது தெரியும்.

அந்த நாளில் பாட்டுக்கு உரிமையாளர் கதாநாயகன்தான். எம்.ஜி.ஆர். பாட்டு, சிவாஜி பாட்டு என்றே பேச்சு. அடுத்தபடியாகப் பாடகர், பிறகு கண்ணதாசன். இசையமைத்தவர் பெயர் கடைசியில் வந்தது. வாசித்தவர்கள் பெயர் வரவே இல்லை. ஆழமாகத் தேடுகிறவர்கள் செய்த மிகப் பெரிய காரியம் இந்த வரிசையை மாற்றியதுதான். திரையில் யார் வாயசைத்தார் என்பதே தெரியாத ஒரு பாட்டைக் கேட்கும்போது காது வேறு வழியின்றி இசையின் மேல் விழுகிறது. அக்கார்டியன் வாசித்த மங்களமூர்த்தி, புல்லாங்குழல் நஞ்சப்பா ஆகியோரின் பெயர்கள் இன்று சாதாரண ரசிகர் வாயிலும் வருகின்றன என்றால், அதற்குக் காரணம் இந்தத் தேடல்காரர்கள். எந்தப் பல்கலைக்கழகமும் அதைச் செய்யவில்லை.

இன்னும் முக்கியமான ஒன்று. இருவரில் யார் என்ன செய்தார் என்ற பழைய வழக்கு இங்கே ஓயாமல் நடக்கிறது. மெட்டு விஸ்வநாதனுடையது, வயலின்களும் வாத்திய அமைப்பும் ராமமூர்த்தியுடையவை என்று பலர் தீர்ப்பே எழுதிவிடுகிறார்கள். ராமமூர்த்தி தனியாக இசையமைத்த 'சாது மிரண்டால்' (1966), 'நான்' (1967), 'மூன்றெழுத்து' (1968), 'தங்கச் சுரங்கம்' (1969) பாட்டுகளை உட்கார்ந்து கேட்டால் அந்தத் தீர்ப்பு நிற்காது. கேட்டவுடன் வாயில் வந்து உட்காரும் மெட்டுகள் அவற்றில் நிறைய. அதே ஆண்டுகளில் விஸ்வநாதன் தனியாக அமைத்த 'அன்பே வா' படத்தில் வயலின் கூட்டம் சற்றும் குறையவில்லை. மெட்டும் வாத்தியமும் இருவரிடமும் இருந்தன. சேர்ந்திருந்தபோது எது யாருடையது என்று பிரிப்பது வீண் வேலை. அதிகம் கேட்கப்படாத பாட்டுகளைக் கேட்டதால்தான் இந்தத் தெளிவு எனக்கு வந்தது.

இனிக் குறைகள். முதலாவதும் பெரியதும், அரிதாக இருப்பதையே தரமாக எடுத்துக்கொள்வது. ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு படம் செய்த இசையமைப்பாளர்கள் அவசரத்தில் ஒப்பேற்றிய பாட்டும் நிறையவே இருக்கும். முதல் அடியில் ஒரு நல்ல சஞ்சாரம், பிறகு சரணத்தில் பழகிய தடத்திலேயே ஓடி முடிந்துவிடும் பாட்டுகள் இந்தப் புதையல் பட்டியல்களில் கணிசமாக இருக்கின்றன. கிடைத்த மகிழ்ச்சியில் அவற்றையும் சிகரம் என்று சொன்னால், உண்மையான சிகரத்துக்கு என்ன சொல் மிஞ்சும்? அந்த இருவர் எங்கே சோர்ந்தார்கள் என்று சொல்லத் தெரிந்தவரே அவர்கள் எங்கே எழுந்தார்கள் என்பதையும் சொல்ல முடியும்.

இதன் மறுமுகம், எல்லோருக்கும் பிடித்த பாட்டை இளப்பமாகப் பார்ப்பது. 'பாசமலர்' படத்தில் எல். ஆர். ஈஸ்வரி பாடிய மணப்பெண்ணை அழைக்கும் பாட்டு, அறுபது வருடமாகக் கல்யாண வீடுகளில் ஒலிக்கிறது. அதனால் அது தேய்ந்த பாட்டு என்று ஒதுக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தோழிகளின் குரல் எப்படி உள்ளே நுழைகிறது, மகிழ்ச்சிக்கு அடியில் பிரிவின் கனம் எப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்று அதை ஒருமுறை கூர்ந்து கேட்டவர் ஒதுக்கமாட்டார். கூர்ந்து கேட்பதற்குப் பாட்டு அறியப்படாததாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

நகைச்சுவைப் பாட்டுகளைத் தள்ளுவதும் இப்படிப்பட்டதே. தூத்துக்குடியில் பிறந்த சந்திரபாபு இந்த மண்ணுக்கு எவ்வளவு நெருக்கமானவர்! கண்ணதாசன் தயாரித்து நஷ்டப்பட்ட 'கவலை இல்லாத மனிதன்' (1960) படத்திலிருந்து அவர் பாடிய தத்துவப் பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிட்டோம். சோகமும் ராகமும் இருந்தால்தான் அபூர்வம் என்ற எண்ணம், ஏ. எல். ராகவன், ஜமுனாராணி போன்றவர்கள் பாடிய துள்ளலான பாட்டுகளை இரண்டாவது முறையாக மறக்கடிக்கிறது.

விவரப் பிழைகள் தனிக்கதை. 1965-க்குப் பிந்திய விஸ்வநாதன் பாட்டுகள் இருவர் பெயரிலும், ராமமூர்த்தியின் தனிப்பாட்டுகள் விஸ்வநாதன் பெயரிலும், கே. வி. மகாதேவன் பாட்டுகள் இவர்கள் பெயரிலும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. ஒலியும் அப்படித்தான். வேகம் சரியில்லாத டேப்ரெக்கார்டரில் ஏறிய பாட்டு, நூற்றுக்கு ஆறு பங்கு விரைந்தால் சுருதி அரைக்கட்டை ஏறிவிடும். பி. பி. ஸ்ரீநிவாஸின் இதமான கீழ்க்குரல் அதில் வேறொருவர் குரலாகிவிடுகிறது. அந்தப் பதிவைக் கேட்டு ராகமும் சுருதியும் ஆராய்வது வீண். இசைத்தட்டின் நேர வரம்புக்காகச் சுருக்கப்பட்ட பாட்டை, படத்தில் வந்த முழுப்பாட்டு என்று நம்புவதும் நடக்கிறது.

என்னை மிகவும் வருத்துவது பதுக்கல். தன்னிடம் மட்டும் இருக்கிறது என்பதற்காகவே ஒரு பாட்டைப் பூட்டி வைப்பவர்கள் உண்டு. பகிர்ந்தாலும் மூலம் எது என்று சொல்லமாட்டார்கள். கொடைப் பந்தலில் நாலு திசைக்கும் கேட்கும்படி ஒலித்த பாட்டு அது. பரணில் கிடக்கும் அரக்குத் தட்டு விழுந்தால் உடையும். காந்த நாடா காலத்தில் கெடும். வைத்திருப்பவர் காலம் முடிந்தால் பழைய இரும்புக் கடைக்குப் போகும்.

இத்தனை சொன்ன பிறகும், தேடுகிறவர்கள் பக்கமே நான் நிற்பேன். அவர்கள் இல்லாவிட்டால் ராமமூர்த்தி இன்று பாதிப் பெயராகவே இருந்திருப்பார். ஆனால் தேடலின் பயன் பாட்டு கிடைத்தவுடன் முடிவதில்லை. அது எந்த ஆண்டின் வேலை, அதற்கு முன்னும் பின்னும் அவர்கள் என்ன செய்தார்கள், படத்தில் எந்த இடத்தில் வந்தது, யார் வாசித்தார்கள் என்று அதை அதன் இடத்தில் பொருத்தினால்தான் அது நம் அறிவில் சேரும்.

ஆகவே பழைய இசைத்தட்டு வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பாட்டைப் பதிவதற்கு முன் நடுவில் உள்ள லேபிளைத் தெளிவாகப் படமெடுங்கள். தட்டின் எண், படம், பாடியவர், இசை எல்லாம் தெரிய வேண்டும். பதிந்ததை நாலு பேருக்குக் கொடுங்கள். ஒரு பிரதியைப் பாட்டுப் புத்தகத்தோடு ரோஜா முத்தையா நூலகம் போன்ற ஓர் இடத்தில் சேர்க்கப் பாருங்கள். 'நான்' படத்துப் பாட்டை அடுத்த முறை யாருக்காவது அனுப்பும்போது, இசை டி. கே. ராமமூர்த்தி என்று மறக்காமல் எழுதி அனுப்புங்கள்.