வெள்ளைக் குதிரைக்காரனும் ஒரு சுருக்குக் கயிறும்

வெள்ளைக் குதிரையில் வெள்ளை உடை போட்ட ஒருவன் தலைதெறிக்க ஓடுகிறான். கறுப்பு உடையும் முக்காடும் போட்ட இன்னொருவன் துரத்துகிறான். சுருக்குக் கயிறு சுழன்று வந்து விழ, ஓடியவன் ஒரு தேவாலய வாசலில் மண்ணைக் கவ்வுகிறான். உள்ளே இருந்த சபையோர் பதறி ஓடிவருகிறார்கள். கீழே கிடப்பவர் அவர்கள் ஊர் ஷெரீஃப்! ஊர் மாடுகளைத் திருடியதே இவர்தான் என்கிறான் துரத்தி வந்தவன். முக்காட்டை விலக்கி நெஞ்சில் இருக்கும் பேட்ஜைக் காட்டுகிறான். பாஸ் ரீவ்ஸ், ஓக்லஹோமாவின் கறுப்பின மார்ஷல். தூக்கில் போடுங்கள் என்று கூட்டம் கத்துகிறது. வேண்டாம், சட்டத்தை நம்புங்கள் என்கிறார் மார்ஷல்.

இதெல்லாம் ஒரு மௌனப்படத்தில் நடக்கிறது. ஆளில்லாத தியேட்டரில் ஒரே ஒரு கறுப்பினச் சிறுவன் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். படம் அவனுக்கு மனப்பாடம். எழுத்து அட்டையில் வசனம் வரும்போது அவன் உதடும் கூடவே அசைகிறது. அபிமான நடிகரின் படத்தைப் பத்தாவது தடவை பார்த்தவர்களுக்கு அந்த உதட்டசைவு தெரிந்திருக்கும். திரைக்குக் கீழே அவன் அம்மா பியானோ வாசிக்கிறார். வெளியே குண்டு வெடிக்கிறது.

டேமன் லிண்டலாஃப் எழுதி, நிக்கோல் கஸல் இயக்கி, 2019 அக்டோபர் 20 அன்று எச்பிஓவில் வந்த 'வாட்ச்மென்' தொடரின் முதல் எபிசோட் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. ஒரே சீசன், மொத்தம் ஒன்பது எபிசோட்கள். சூப்பர் ஹீரோ தொடர்களின் தொடக்க எபிசோட்களில் நான் திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பது இதைத்தான். என் கணக்கில் ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ பார்த்த பிறகு இதை எழுதுகிறேன். ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். இந்த எபிசோடின் முடிவு அதன் முதல் இரண்டு நிமிடங்களிலேயே நம் கண்ணெதிரே வைக்கப்பட்டிருக்கிறது. நாம் அதைப் பார்க்கிறோம், ரசிக்கவும் செய்கிறோம், ஆனால் அது முடிவு என்று நமக்குத் தெரிவதில்லை.

முதலில் அந்தக் குண்டு. அது கற்பனை இல்லை. 1921 மே 31 இரவிலும் ஜூன் 1 பகலிலும் ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில் வெள்ளையர் கும்பல் கிரீன்வுட் என்ற கறுப்பினத்தவர் பகுதிக்குள் புகுந்து எரித்தது. கடைகள், மருத்துவர்கள், பத்திரிகை என்று செழித்துக் கிடந்த பகுதி. முப்பத்தைந்து தெருக்கட்டங்கள் சாம்பலாயின. இறந்தவர்கள் முந்நூறு பேர் வரை இருக்கலாம் என்பது வரலாற்றாசிரியர்கள் போடும் கணக்கு. மேலே விமானங்கள் பறந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். சிறுவன் உட்கார்ந்திருக்கும் 'ட்ரீம்லேண்ட்' தியேட்டரும் நிஜமாக இருந்ததுதான். அந்தத் தீயில் அதுவும் போனது. பாஸ் ரீவ்ஸும் நிஜமான மனிதர். 1838இல் அடிமையாகப் பிறந்து, துணை மார்ஷலாகி, மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கைது செய்தவர். அந்த மௌனப்படம் மட்டும் தொடருக்காகச் செய்தது.

பல பத்தாண்டுகள் பள்ளிப் பாடத்தில்கூட வராமல் கிடந்த படுகொலை இது. டா-நெஹிசி கோட்ஸ் எழுதிய, கறுப்பினத்தவருக்கான இழப்பீடு பற்றிய கட்டுரையைப் படித்துத்தான் லிண்டலாஃபுக்கே இது தெரியவந்தது. சூப்பர் ஹீரோ பார்க்க உட்கார்ந்த எத்தனையோ அமெரிக்கர்கள், ஏதோ இணை உலகத்துக் கற்பனை என்று நினைத்து, பிறகு தேடிப் பார்த்து அதிர்ந்தார்கள். நானும் அப்படித்தான். எபிசோடை நிறுத்தி வைத்துவிட்டு கிரீன்வுட் பற்றிப் படித்தேன். மீதியை மறுநாள்தான் பார்க்க முடிந்தது.

அந்தச் சில நிமிடங்களைக் கஸல் எடுத்திருக்கும் விதம் இருக்கிறதே! கேமரா பெரும்பாலும் சிறுவனின் உயரத்திலேயே நிற்கிறது. ராணுவ உடையில் அப்பா ஓடிவந்து அவனைத் தூக்குகிறார். தெருவில் நடப்பது முழுதாகக் காட்டப்படுவதில்லை. ஓடும்போது கண்ணில் பட்டது மட்டும்தான். தப்பிக்கத் தயாராக இருக்கும் வண்டியில் ஒரு பிள்ளைக்குத்தான் இடம் இருக்கிறது. அவனை ஒரு பெட்டிக்குள் இறக்குகிறார்கள். ஒரு காகிதத்தில், இந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதி அப்பா அவன் சட்டைப்பையில் வைக்கிறார். பெட்டியைத் துளைத்துப் போகும் தோட்டா ஒரு ஓட்டை போடுகிறது. அந்த ஓட்டை வழியாக அவன் ஊரைப் பார்க்கிறான்.

அழிந்துகொண்டிருக்கும் ஓர் உலகம். பெற்றவர்கள் பிள்ளையை மட்டும் ஒரு கலத்தில் வைத்து அனுப்பிவிட்டுத் தாங்கள் சாகிறார்கள். காமிக்ஸ் படித்தவர்களுக்கு இந்தக் கதை அத்துப்படி. கிரிப்டான் கிரகம் வெடித்தபோது சூப்பர்மேன் பூமிக்கு வந்த கதை இது. 1938இல் சூப்பர் ஹீரோ என்ற வகையே பிறந்த கதை. லிண்டலாஃப் அதை அப்படியே எடுத்து, கிரகத்துக்குப் பதில் உண்மையாகவே எரிந்த ஓர் ஊரை வைத்துவிட்டார். எந்த வசனமும் இதைச் சுட்டிக்காட்டுவதில்லை. ஆறாவது எபிசோடில்தான் அந்தச் சிறுவன் வளர்ந்து யார் ஆனான் என்று நமக்குத் தெரிகிறது. தெரிந்த பிறகு இந்த ஓட்டைக்குத் திரும்பி வந்தால் தொண்டை அடைக்கிறது. முகத்தை மறைத்துக்கொண்டு இரண்டு ஓட்டை வழியாக உலகைப் பார்க்கும் ஒருவனுடைய முதல் நாள் அல்லவா அது!

சிறுவன் இருட்டு வயலில் கண் விழிக்கிறான். கூட்டி வந்தவர்கள் இறந்து கிடக்கிறார்கள். பக்கத்தில் அமெரிக்கக் கொடியில் சுற்றிய கைக்குழந்தை ஒன்று. அதைத் தூக்கிக்கொண்டு நடக்கிறான். அங்கிருந்து 2019. அதே ஓக்லஹோமா இருட்டில் ஒரு பிக்கப் வண்டி. போலீஸ் விளக்கு சுழல்கிறது.

நெடுஞ்சாலையில் போலீஸ்காரர் வண்டியை மறிக்கும் காட்சி அமெரிக்கப் படங்களில் தேய்ந்துபோனது. யார் கையில் அதிகாரம், யாருக்குப் பயம் என்பது அந்த நாட்டில் எல்லோருக்கும் தெரியும். இங்கே அது தலைகீழாக இருக்கிறது. இறங்கி வரும் போலீஸ்காரர் கறுப்பினத்தவர், மூக்குக்குக் கீழே முகம் முழுக்க மஞ்சள் துணி. ஓட்டுநர் வெள்ளையர். வண்டியில் என்ன என்று கேட்டால் லெட்டூஸ் என்கிறார். ஆவணம் எடுக்கத் திறந்த டாஷ்போர்டு பெட்டிக்குள் ஒரு முகமூடியின் விளிம்பு தெரிகிறது. போலீஸ்காரர் மெதுவாகத் தன் காருக்குத் திரும்புகிறார். அவர் துப்பாக்கி பூட்டில் இருக்கிறது! நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி ஒத்துக்கொண்டால்தான் பூட்டு திறக்கும். அவர் கேள்வி கேட்கிறார், விதிமுறை கேட்கிறார், யோசிக்கிறார். நாம் பின்பக்கக் கண்ணாடியையும் முன்பக்கக் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பூட்டு திறப்பதற்கும் தோட்டாக்கள் வருவதற்கும் இடையில் மூச்சுவிட நேரமில்லை.

இந்த ஒரே காட்சிக்குள் அந்த உலகத்தின் சட்டதிட்டம் மொத்தமும் அடங்கிவிட்டது. போலீஸ் முகமூடி போடும் ஊர் இது. மூன்று வருடம் முன்பு ஒரு கிறிஸ்துமஸ் இரவில், 'செவன்த் கேவல்ரி' என்ற வெள்ளை இனவெறிக் கூட்டம் நாற்பது போலீஸ்காரர்களின் வீடுகளில் ஒரே நேரத்தில் புகுந்து தாக்கியதால் வந்த சட்டம் அது. அந்தக் கூட்டமும் முகமூடிதான் போடுகிறது, மூல 'வாட்ச்மென்' காமிக்ஸில் வரும் ரோர்ஷாக்கின் முகமூடி. ஆலன் மூர் எழுதி டேவ் கிப்பன்ஸ் வரைந்து 1986–87இல் பன்னிரண்டு இதழ்களாக வந்த அந்தக் காமிக்ஸைப் படித்து ரோர்ஷாக்கை நாயகனாகக் கொண்டாடிய வாசகர்கள் நிறைய உண்டு. அந்த முகமூடியை இனவெறியர்கள் கையில் கொடுத்ததில் பலருக்குக் கோபம். எனக்கு அது மூலத்தை நன்றாகப் படித்தவர் செய்த காரியமாகத்தான் படுகிறது. ரோர்ஷாக்கின் நாட்குறிப்பு கடைசியில் ஒரு வலதுசாரிப் பத்திரிகை அலுவலகத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தது என்பதை நினைவில் வைத்திருப்பவர்கள் இதை மறுக்கமாட்டார்கள்.

இதற்கெல்லாம் பிறகுதான் நாயகி வருகிறார். ரெஜினா கிங் நடித்த ஏஞ்சலா ஏபார். கேப் இல்லை, சண்டை இல்லை. ஒரு வகுப்பறையில் பிள்ளைகள் முன்னால் முட்டை உடைத்துக்கொண்டிருக்கிறார். வெள்ளைக்கருவையும் மஞ்சள்கருவையும் பிரிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்கிறார். கிண்ணத்தில் விழுந்த மஞ்சள்கருக்கள் ஒரு கணம் கண்களாகி, சிரிக்கும் முகம் ஒன்று தோன்றி மறைகிறது. காமிக்ஸின் முதல் பக்கத்தில் சாக்கடையோரம் ரத்தத்துளியோடு கிடக்கும் அந்தச் சிரிப்பு பேட்ஜ்தான் அது. வெள்ளையைத் தனியே பிரிக்கும் பாடம், இந்த ஊரில், இந்தக் கதையில்! கவனித்தவர்களுக்கு அது போதும். கவனிக்காதவர்களுக்கு அது சமையல் வகுப்பு.

கிங்கின் நடிப்பில் எனக்குப் பிடித்தது அவர் உடம்பின் நிதானம். வீட்டுக்குப் போகும் வழியில் சைரன் ஒலிக்கிறது. காரை ஓரம்கட்டுகிறார். வானத்திலிருந்து குட்டிக் கணவாய்கள் கொட்டிக் கரைந்து போகின்றன. மழைக்கு ஒதுங்குகிறவர் முகத்தில் இருக்கும் சலிப்புதான் அவர் முகத்திலும். பிறகு தன் பேக்கரியின் மறைவறையில் கண்களைச் சுற்றிக் கறுப்பு வண்ணம் தெளித்து, முக்காடு போட்டு, 'சிஸ்டர் நைட்' என்ற முகமூடிப் போலீஸாக மாறும்போதும் அதே நிதானம். விசாரணை அறைக்குள் சந்தேக நபரை அடிக்கப் போகிறார். கேமரா உள்ளே போவதில்லை. கதவுக்கு அடியில் ரத்தம் வழிந்து வருவதை மட்டும் காட்டுகிறார்கள். முக்காடு போட்டு, சட்டத்தின் பெயரால் ஒருவனை இழுத்து வந்தவர் இவர். மௌனப்படத்து மார்ஷலின் உடை இவர் மேல் இருக்கிறது, சட்டத்தை நம்புங்கள் என்ற அவருடைய வார்த்தை இல்லை.

மாட்டுப் பண்ணையில் நடக்கும் துப்பாக்கிச் சண்டை கொஞ்சம் நீளம். ஜெரமி ஐயன்ஸ் நடித்த பாத்திரம் ஒரு கோட்டைக்குள் பிறந்தநாள்போல ஏதோ கொண்டாடி, கேக் வெட்டக் கத்திக்குப் பதில் குதிரை லாடத்தை வாங்கும் காட்சி, முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு வேறு ஏதோ தொடரிலிருந்து தப்பி வந்ததுபோல இருக்கும். ட்ரெண்ட் ரெஸ்னரும் அட்டிகஸ் ராஸும் போட்ட இசை அந்த இடங்களையும் தாங்கிப் பிடித்துவிடுகிறது.

இனி ஜட் கிராஃபர்ட். டான் ஜான்சன் நடித்த போலீஸ் தலைவர். வெள்ளைத் தொப்பி, அன்பான சிரிப்பு. நாம் அவரை முதலில் பார்ப்பது நாடக அரங்கில். கறுப்பினக் கலைஞர்களே நடிக்கும் 'ஓக்லஹோமா!' இசை நாடகத்தை ரசித்துக்கொண்டிருக்கிறார். 1943இல் ராட்ஜர்ஸும் ஹாமர்ஸ்டைனும் தந்த அந்த நாடகத்திலும் ஜட் என்று ஒருவன் உண்டு. நீ தூக்கில் தொங்கினால் ஊர் உனக்காக எப்படி அழும் தெரியுமா என்று நாயகன் அவனிடம் நயமாகப் பாடும் பாட்டு உண்டு. இந்த எபிசோடின் தலைப்பே அந்தப் பாட்டின் ஓர் அடிதான். ஆக, பாட்டு தெரிந்தவர்களுக்குத் தலைப்பிலேயே குறிப்பு கொடுத்தாகிவிட்டது. இரவு விருந்தில் ஏஞ்சலா வீட்டு மேசையில் உட்கார்ந்து ஜட் அதே நாடகத்தின் காதல் பாட்டு ஒன்றைப் பாடுகிறார். எல்லோரும் நெகிழ்ந்து போகிறார்கள். நமக்கும் அந்த மனிதரைப் பிடித்துவிடுகிறது. அப்படிப் பிடிக்க வைப்பதற்காகவே எழுதிய காட்சி அது.

ஏஞ்சலாவின் பேக்கரிக்கு வெளியே சக்கர நாற்காலியில் ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார் முன்பே. லூயிஸ் காசெட் ஜூனியர். இருநூறு பவுண்டு எடையை என்னால் தூக்க முடியும் என்று நினைக்கிறாயா என்று அவர் கேட்டபோது ஏஞ்சலா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, நாமும்தான். நள்ளிரவில் போன் வருகிறது. குறிப்பிட்ட மரத்தடிக்குத் தனியே வரச் சொல்கிறது குரல். போகிறார். கிழவர் நாற்காலியில் இருக்கிறார். கேமரா மெல்ல மேலே ஏறுகிறது. பூட்ஸ் கால்கள். ஜட் மரத்தில் தொங்குகிறார். கீழே கிடக்கும் அவர் பேட்ஜின் மேல் ஒரு சொட்டு ரத்தம் விழுகிறது.

வெள்ளைத் தொப்பி ஷெரீஃப், கழுத்தில் கயிறு, பேட்ஜ், கறுப்பினத்தவர் ஒருவர். இதைத்தானே முதல் இரண்டு நிமிடத்தில் பார்த்தோம்! அங்கே கூட்டம் கேட்டதை மார்ஷல் மறுத்தார். இங்கே மறுக்க யாரும் இல்லை. அந்த ஷெரீஃபைப் பற்றி ஊருக்குத் தெரியாத ஒன்று மார்ஷலுக்குத் தெரிந்திருந்தது. ஜட்டைப் பற்றி ஏஞ்சலாவுக்குத் தெரியாத ஒன்று இந்தக் கிழவருக்குத் தெரியும். அது என்ன என்பது அடுத்த எபிசோடில் ஒரு அலமாரிக்குள் தொங்கிக்கொண்டிருக்கிறது.

2020இல் இந்தத் தொடருக்குப் பதினொரு எம்மி விருதுகள் கிடைத்தன. கிங்குக்கு ஒன்று. கிடைக்காமல் போயிருந்தாலும் என் கருத்து மாறியிருக்காது.

முதல் தடவை பார்த்தபோது தியேட்டர் காட்சியில் நான் சிறுவனை மட்டும்தான் பார்த்தேன். திரையின் வெளிச்சம் விழும் அந்த முகமும் கூடவே அசையும் உதடும் அப்படி இழுத்துக்கொண்டன. மரத்தடி காட்சி முடிந்து, பெயர்கள் ஓடி, எபிசோடை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்ட இரவில் அம்மாவைப் பார்த்தேன். திரையில் மார்ஷல் பேட்ஜைக் காட்டுகிறார், மகன் பூரித்துப் போகிறான். அவர் விரல்கள் வாசித்துக்கொண்டே இருக்கின்றன, கண்ணிலிருந்து நீர் வழிகிறது. வெளியே என்ன நடக்கிறது என்று அவருக்கு அப்போதே தெரியும். மகன் படத்தைப் பார்த்து முடிக்கட்டும் என்று வாசித்துக்கொண்டிருக்கிறார்.