தவிட்டுக்கும் ரயில் வாடகை

பெங்களூரு அருகே அத்திபெலேயைச் சுற்றி விளைவது ராகி. பேக்கரியும் பரோட்டாக் கடையும் கேட்பதோ மைதா. அதற்கான கோதுமை மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம், பஞ்சாப் பக்கமிருந்து சரக்கு ரயிலில் வந்தாக வேண்டும்; ஒரு முழு ரயிலுக்கு ஏறத்தாழ 2,500 டன். விளைந்த இடத்திலேயே அரைத்து மாவாக அனுப்பலாமே, நூறு கிலோவில் இருபதுக்கு மேல் தவிடாகப் போகிறதே, அதற்கும் வாடகையா என்று கேட்கலாம். கணக்கு சரி, ஆனால் பாதிக் கணக்கு. ஆனேக்கல், ஓசூர், கிருஷ்ணகிரியில் மாடு வைத்திருப்பவர்களுக்குத் தவிடு காசு கொடுத்து வாங்கும் தீவனம். முழுக் கோதுமை மாதக்கணக்கில் தாங்கும். மாவோ ஈரம் குடிக்கும், வண்டு பிடிக்கும்.

வாங்குபவருக்குப் பக்கத்திலேயே அரைப்பதற்கு இன்னும் பெரிய காரணம் ஆலைக்குள் இருக்கிறது. கோதுமையில் தண்ணீர் தெளித்துப் பல மணி நேரம் ஊறவிடுகிறார்கள். தோல் இறுகும், உள்பருப்பு இளகும். பிறகு வரி வெட்டிய எஃகு உருளைகள் இரண்டு, வெவ்வேறு வேகத்தில் சுழன்று மணியைப் பிளந்து, தோலில் ஒட்டியதைச் சுரண்டி எடுக்கும். ஈரம் கூடினால் சல்லடை அடைக்கும். குறைந்தால் தவிடு தூளாகி மைதா பழுப்பேறும். அழகான வேலை! பரோட்டாவுக்கு இழுபடும் மாவு வேண்டும், பிஸ்கட்டுக்கு அது ஆகாது. எந்தக் கோதுமையை எதோடு கலப்பது என்பதை, வாங்குபவரின் புகார் மறுநாளே காதில் விழும் தூரத்தில் இருக்கும் ஆலைதான் சட்டென்று திருத்திக்கொள்ளும். திண்டுக்கல்லின் நாகா மாவு ஆலையும் கோதுமை வயல் இல்லாத ஊரில்தான் வளர்ந்தது.