பெயர் தெரிந்தவருக்கே கதவு

ஒரு கருவி என்னென்ன செய்யும் என்ற பட்டியலை வைத்து அதை மதிப்பிடுவதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. அதற்குள் ஒன்றைத் தேடும்போது அது நம்மிடம் என்ன எதிர்பார்க்கிறது என்று பார்க்க வேண்டும். ஈமேக்ஸ் எதிர்பார்ப்பது பெயரை.

1976இல் எம்ஐடியின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில், டெக்கோ என்ற எடிட்டருக்கான மேக்ரோ தொகுப்பாகப் பிறந்தது ஈமேக்ஸ். ரிச்சர்ட் ஸ்டால்மனும் கை ஸ்டீலும் அதன் தொடக்கக் கர்த்தாக்கள். இன்று நாம் பயன்படுத்தும் க்னூ ஈமேக்ஸ் 1985இல் வந்தது. அதில் ஆயிரக்கணக்கான கட்டளைகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் பெயர் உண்டு, எல்லாவற்றுக்கும் குறுக்குவிசை கிடையாது. ஆகவே மெட்டா விசையோடு எக்ஸை அழுத்திப் பெயரை அடிப்பதுதான் பொதுவழி. விஎஸ் கோடில் இன்று எல்லோரும் திறக்கிற கட்டளைப் பலகைக்கு இது பெரியப்பா முறை.

இந்த வழியை வேகமாக்க நிறைய உழைத்திருக்கிறார்கள். 'ஆர்டர்லெஸ்' பொதியைப் போட்டுக்கொண்டால் சொற்களை எந்த வரிசையிலும் அடிக்கலாம். 'ஒயிட் ட்ரெய்ல்' என்று தலைகீழாக அடித்தாலும் வரிக்கடைசி வெற்றிடங்களை நீக்கும் 'டெலீட்-ட்ரெய்லிங்-ஒயிட்ஸ்பேஸ்' வந்து நிற்கும். 'மார்ஜினாலியா' ஒவ்வொரு கட்டளைக்கும் பக்கத்தில் ஒருவரி விளக்கம் காட்டும். 2022இல் வந்த 28ஆம் பதிப்பில், ஷிஃப்டையும் சேர்த்து அழுத்தினால், திறந்திருக்கும் கோப்புக்குப் பொருத்தமான கட்டளைகள் மட்டும் வரும். குறுக்குவிசை உள்ள கட்டளையைப் பெயர் சொல்லி அழைத்தால், அந்த விசையைக் கீழே நினைவூட்டவும் செய்கிறது. நல்ல வாத்தியார்தான்.

ஆனால் இத்தனையும் யாருக்கு? பெயரில் பாதியாவது தெரிந்தவருக்கு. புதிதாக வரும் இளையவர்கள் "அண்ணா, இதுல பேஸ்ட் எங்க இருக்கு?" என்று கேட்கிறார்கள். ஈமேக்ஸில் வெட்டுவது 'கில்', ஒட்டுவது 'யாங்க்'. 1984இல் வந்த மெக்கின்டாஷ் வெட்டு-ஒட்டு என்ற பேச்சை ஊரெல்லாம் பரப்புவதற்கு முன்பே இங்கே குடியேறிவிட்ட சொற்கள் இவை. வழக்கமான அமைப்பில் மெட்டா-எக்ஸ் பெயரின் எழுத்துகளைத்தான் ஒப்பிடுகிறது. அங்கே 'பேஸ்ட்' என்று எத்தனை முறை அடித்தாலும் 'யாங்க்' எட்டிப் பார்க்காது.

வேடிக்கை என்னவென்றால், இதற்கான மருந்து ஈமேக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. கண்ட்ரோல்-ஹெச் அழுத்தி ஏ அடித்தால் 'அப்ரோபோ' தேடல் திறக்கும். அதனிடம் ஒரு குட்டி ஒத்தசொல் பட்டியல் உண்டு. ஒவ்வொரு வரியிலும் முதலில் ஈமேக்ஸின் சொல், பின்னால் ஊரார் சொல். இங்கே 'பேஸ்ட்' என்று கேட்டால் 'யாங்க்' வருகிறது. ஏ-க்குப் பதில் டி அடித்தால் விளக்க உரைகளுக்குள்ளும் தேடலாம். சொல் தெரிந்து பொருள் தேடுபவருக்கு அகராதி, பொருள் தெரிந்து சொல் தேடுபவருக்கு நிகண்டு என்று நம்மிடம் இரண்டு மரபுகள் இருந்தன இல்லையா? ஈமேக்ஸிலும் இரண்டும் உண்டு. அகராதியை வாசலில் வைத்துவிட்டு நிகண்டைப் பரணில் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

பெயரைக் கற்றுக்கொள்ளட்டுமே என்று பழைய கைகள் சொல்வார்கள். அதில் நியாயம் இருக்கிறது. 'கில்' என்பது வெறும் வெட்டு அல்ல. வெட்டியவை ஒரு வளையத்தில் சேர்கின்றன, ஒட்டிய கையோடு மெட்டா-ஒய் அழுத்தினால் பழையவை ஒவ்வொன்றாகத் திரும்பி வருகின்றன. வேறு எண்ணத்துக்கு வேறு பெயர். அதை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. ஆனால் அந்த எண்ணத்தைக் கற்க ஒருவர் முதலில் உள்ளே வரவேண்டுமே!

தன்னைத் தானே விளக்கிக்கொள்ளும் எடிட்டர் என்பது ஈமேக்ஸின் பழைய பெருமை. அந்த விளக்கம், கேட்பவரின் சொல்லிலிருந்து தொடங்க வேண்டும். ஒத்தசொல் பட்டியலை மெட்டா-எக்ஸுக்குக் கொண்டுவந்து, 'பேஸ்ட்' என்று அடிப்பவருக்கு 'யாங்க்' என்று காட்டினால் போதும். அடுத்த முறை அவரே 'யாங்க்' என்று அடிப்பார். வேகத்துக்காக இத்தனை பொதிகள் எழுதிய சமூகத்துக்கு இது பெரிய வேலையே அல்ல. செய்யாமலிருப்பதற்குக் காரணம், அந்தத் தேடலை எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் பெயர் ஏற்கெனவே தெரியும் என்பதுதான் என்று நினைக்கிறேன்.