உரிமையின் எல்லை: லபாயெற்றின் வரைவு பற்றிய ஒரு நோக்கு

மார்க்குவிஸ் த லபாயெற் (1757–1834) ‘இரு உலகங்களின் வீரன்’ எனப் போற்றப்படுபவர். பிரான்சின் பழம் பிரபுக்குடியிற் பிறந்த அவர், 1777இல், தமது பத்தொன்பதாவது வயதில், கடல் கடந்து சென்று அமெரிக்கப் புரட்சிப் படையிற் சேர்ந்தார். அவ்வாண்டே பிராண்டிவைன் போரிற் காயமுற்றார். 1781இல் யோர்க்டவுன் முற்றுகையிற் பங்குகொண்டார். பின்னர் தாயகத்துப் புரட்சியிலும் முன்னின்றார். இவ்விரண்டையும் ஒரே இலட்சியத்தின் இரு கட்டங்களாகக் கொள்வதே வழக்கம். இக்கொள்கை மீளாய்வுக்குரியது என்பது எமது கருத்து. அவருடைய எழுத்தே அதற்குச் சான்றாகும்.

1789 யூலை 11ஆந் திகதி, மனித உரிமைப் பிரகடனத்துக்கான வரைவொன்றை அவர் தேசிய சபையில் முன்வைத்தார். அப்பொழுது பாரிசில் அமெரிக்கத் தூதுவராயிருந்த ஜெபர்சனுடன் கலந்தாலோசித்து ஆக்கப்பட்டது அது. பிறப்புரிமைகளை வரிசைப்படுத்துமிடத்து, சொத்துரிமையையும் ஒடுக்குமுறையை எதிர்க்கும் உரிமையையும் அது ஒருங்கே வைக்கின்றது. இவையிரண்டும் முரணுமாயின் எது மேலோங்கும் என்ற வினாவை வரைவு எழுப்பவில்லை.

அமெரிக்காவில் அவ்வினா அவரை நெருக்கவில்லை. அங்கு எதிரி கடலுக்கப்பாலிருந்த முடியாட்சி. அவருடைய நிலங்களுக்கு ஊறு எதுவும் நேரவில்லை. எனினும், அடிமைகளை விடுவித்துக் குத்தகைக் குடியானவராக்கும் திட்டமொன்றை 1783இல் வாஷிங்டனுக்கு அவர் எழுதியமையை நாம் மறத்தலாகாது.

பிரான்சிலோ நிலைமை வேறு. மூன்று நாட் கூலிக்குச் சமமான நேர்வரி செலுத்தாதோருக்கு வாக்குரிமை மறுக்கப்பட்டது. லபாயெற் தலைமை தாங்கிய பாரிசுத் தேசியக் காவற்படை பெரும்பாலும் வரி செலுத்துவோரைக் கொண்டதாயிற்று. தப்பியோட முயன்ற மன்னன் பிடிபட்டபின், 1791 யூலை 17ஆந் திகதி, அவனை நீக்கக் கோரும் மனுவிற் கையொப்பமிட மக்கள் சாம் த மார்ஸ் திடலிற் கூடினர். அன்று காலை அங்கு இருவர் கொல்லப்பட்டிருந்தனர். படையினர்மீது கல்லும் எறியப்பட்டது. இராணுவச் சட்டம் பிரகடனப்படுத்தப்பட்டு, படை சுட்டது; பலர் மாண்டனர். வரைவு மௌனித்த வினாவுக்குத் துப்பாக்கி விடை கூறிற்று எனலாம்.

இதனைத் துரோகம் என்று கூறி அமைதல் எளிது. ஆனால் அது திறனாய்வாகாது. 1792இல் யாக்கோபினர் அவரைத் துரோகியென்றனர். எல்லை கடந்த அவரை எதிரணியினர் புரட்சிக்காரரென ஐந்தாண்டுகள் சிறைவைத்தனர். இரு சாராரும் அவரை வெறுத்தமைக்குக் காரணம் மனமாற்றமன்று. தாம் வகுத்த எல்லையிலேயே அவர் இறுதிவரை நின்றமையாகும்.

அவ்வரைவின் இறுதிப் பகுதி, பின்வரும் தலைமுறையினர் அரசியலமைப்பைத் திருத்துவதற்கும் இடமளிக்கின்றது. தம் எல்லையைக் கடக்கும் உரிமையை அவரே பிறருக்கு வழங்கிச் சென்றார். அவரை மதிப்பிடுவோர் முதலில் மனங்கொள்ள வேண்டியது இதுவே.