டிரம்ஸ் வாசித்த பெண்

போன வருடம் முதுகலை வகுப்பில் என் கவிதை ஒன்றை நானே வாசித்துக் காட்ட நேர்ந்தது. 2013இல் எழுதியது, காஷ்மீரின் 'பிரகாஷ்' குழுவைப் பற்றியது. (தமிழ்க் காதுக்கு அது ஓர் ஆணின் பெயர். காஷ்மீரியில் வெளிச்சம்.) ஸ்ரீநகரில் பத்தாம் வகுப்புப் படித்த மூன்று சிறுமிகள் தொடங்கிய ராக் இசைக்குழு அது. 2012 டிசம்பரில் அந்நகரில் நடந்த இசைக்குழுப் போட்டியில் மேடையேறிப் பரிசும் வாங்கினார்கள். பிறகு இணையத்தில் வசவு, மிரட்டல். 2013 பிப்ரவரியில் தலைமை முஃப்தி இது மார்க்கத்துக்கு விரோதம் என்றார். சில நாட்களில் குழு கலைந்தது.

வாசித்து முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "மேம், அந்த டிரம்ஸ் வாசிச்ச பொண்ணு நல்லா வாசிச்சாங்களா?"

எனக்குத் தெரியவில்லை. இத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதில்லை என்பதுதான் அதைவிட மோசம். என் கவிதையில் பனி இருந்தது, முக்காடு இருந்தது, அறுபட்ட நாக்கு இருந்தது. டிரம்ஸ் இல்லை, கிட்டார் இல்லை, தாளம் தப்பி மறுபடி பிடிக்கிற பதினைந்து வயதின் கூச்சம் இல்லை. அந்தப் பெண்களைப் பாடவிடாதவர்களைக் கண்டித்து எழுதியதாகத்தான் நினைத்திருந்தேன். ஆனால் என் கவிதையிலும் அவர்கள் பாடவில்லை.

நான் மட்டுமல்ல. அந்த நாட்களில் நான் படித்த செய்திகளும் தலையங்கங்களும் முஃப்தி சொன்னதையும், முதலமைச்சர் உமர் அப்துல்லா ஆதரித்ததையும், காவல்துறை வழக்குப் பதிந்ததையும் பேசின. காஷ்மீர் முஸ்லிம்களைத் திட்ட ஒரு சாக்குக் கிடைத்த மகிழ்ச்சியில் திடீரென்று பெண்ணுரிமை பேசியவர்களும் உண்டு. எல்லோருக்கும் அந்தக் குழு ஒரு சான்றுப்பொருள். அவர்களின் பெயர்களை நான் இங்கே எழுதவில்லை. அந்த வயதில் அந்தப் பெயர்களைச் சொல்லித்தான் அவர்களை வைதார்கள்.

பதின்வயது இசைக்குழு என்றதும் தமிழில் நமக்குக் கிடைக்கிற பெரிய கதை ஷங்கரின் 'பாய்ஸ்' (2003). ஐந்து பையன்கள், ஒரு பெண். வீட்டைவிட்டு வெளியேறியவர்களுக்கு இசை பிழைப்பாகிறது. படம் வந்தபோது எழுந்த கண்டனமெல்லாம் ஆபாசத்தைப் பற்றியது. அது நியாயமான கண்டனம்தான். ஆனால் இன்று என்னை உறுத்துவது வேறு. பையன்கள் திருட்டுத்தனம் செய்யலாம், தெருவில் கிடக்கலாம், தோற்கலாம், திரும்ப எழலாம். இந்த ஏற்ற இறக்கமெல்லாம் அவர்கள் கலைஞர்களாவதற்கான பயிற்சி. ஹரிணி அவர்கள் பாடுவதற்கான காரணம். படத்தின் தலைப்பிலேயே அவளுக்கு இடமில்லை. அதை மட்டும் ஷங்கர் நேர்மையாகச் செய்திருக்கிறார்.

எனக்கும் ஒரு குழு இருந்தது. 1995, இன்றைய மேம்பாலம் வருவதற்கு முந்தைய பாடி. பதினொன்றாம் வகுப்பில் நாங்கள் நாலு பேர். ஒருத்தியின் மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கேசியோ கீபோர்டு, சர்ச்சில் இரவல் வாங்கிய கிட்டார். டிரம்ஸுக்கு இரண்டு பிளாஸ்டிக் பக்கெட்டும் ஒரு எவர்சில்வர் தாம்பாளமும். பக்கெட் நான்தான். ரஹ்மான் பாட்டுதான் எங்களுக்குத் தெரிந்த ராக். குழுவுக்கு என்ன பெயர் வைப்பது என்று மூன்று நாள் சண்டை போட்டோம். வாசித்தது மொத்தம் நாலு நாள் இருக்கும்.

யாரும் தடை விதிக்கவில்லை. எந்த ஃபத்வாவும் தேவைப்படவில்லை. எங்கள் தெருவில் பாதி வீடுகள் தொழிற்சாலை ஷிஃப்டில் ஓடியவை. நைட் ஷிஃப்ட் முடித்த அப்பாக்கள் பகலில் தூங்குவார்கள். அம்மாக்கள் பாத்திரத்தைக்கூடச் சத்தமில்லாமல் வைப்பார்கள். பள்ளி விட்டு வர ஐந்தாகிவிடும். ஆறு மணிக்கு மேல் பெண் பிள்ளைகளுக்கு மொட்டை மாடி கிடையாது. ஆக எங்களுக்கு மிஞ்சியது ஒரு மணி நேரம். அதிலும் தண்ணீர் லாரி வரும் நாள் போய்விடும். அண்ணன்மார்கள் தெருமுனைப் பந்தலில் இரவு பத்து மணிவரை வாசித்தார்கள், அவர்களுக்கு ஒலிபெருக்கிக்குக் காசும் வசூலாயிற்று. ஐந்தாம் நாள் கிட்டாரைத் திருப்பிக் கொடுத்தோம். அப்பாவின் தூக்கத்தை இன்றும் என்னால் குற்றம் சொல்ல முடியவில்லை, இயந்திரத்தோடு எட்டு மணி நேரம் நின்ற உடம்பு அது. அந்தத் தூக்கத்துக்கான விலையை யார் கொடுத்தது என்பது வேறு கணக்கு.

லாஸ் ஏஞ்சலஸின் 'தி லிண்டா லிண்டாஸ்' குழுவை இந்த இடத்தில்தான் நினைத்துக்கொள்கிறேன். 2021 மே மாதம் ஒரு பொது நூலகத்தில் அவர்கள் வாசித்த காணொளி உலகம் சுற்றியது. நாலு சிறுமிகள், பத்து வயதிலிருந்து பதினாறு வரை. வகுப்புத் தோழன் ஒருவனின் இனவெறிப் பேச்சுக்குப் பதிலாக எழுதிய பாட்டு. அவர்களின் கோபத்தைப் பாராட்டியவர்கள், இருவரின் அப்பா இசைத் தயாரிப்பாளர் என்பதைப் பெரும்பாலும் தாண்டிப் போனார்கள். அதைச் சொல்வது அவர்களைக் குறைப்பதற்காக அல்ல. கருவி, அறை, சத்தம் போட நேரம், 'இன்னொரு தடவை வாசி' என்று சொல்ல ஒரு பெரியவர் – இவை இருந்தால் பத்து வயதுப் பெண் டிரம்ஸ் வாசிப்பாள். இன்னொன்றும் நடந்தது. 2022இல் அவர்களின் முதல் ஆல்பம் வந்தபோது, அது ஒரு ஆல்பமாக விமர்சிக்கப்பட்டது. எந்தப் பாட்டு நன்றாக இருக்கிறது, எது இல்லை என்று எழுதினார்கள். 'பிரகாஷ்' குழுவுக்கு அந்த மரியாதையை நாம் தரவில்லை, நான் தரவில்லை. ஒரு கச்சேரிதான் என்றாலும் அந்த ஒன்றைக் கேட்டிருக்கலாம். இணையத்தில் தேடும் வசதி என் மேசைமேலேயே இருந்தது.

கேள்வி கேட்ட மாணவி அம்பத்தூரில் தோழிகளோடு வாசிக்கிறாள் என்பது பிறகுதான் தெரிந்தது. ஜெராக்ஸ் கடை மாடியில் ஒரு அறை, ஞாயிறு மதியம் மட்டும். கூப்பிட்டாள், போனேன். மூன்று பாட்டு வாசித்தார்கள். அவள்தான் டிரம்ஸ். வெளியே வந்தபோது என்ன சொல்வது என்று தெரியாமல் "ரொம்பப் பெருமையா இருக்கும்மா" என்றேன். அவள் பேசாமல் நின்றாள். அப்புறம் சொன்னேன், இரண்டாவது பாட்டில் நடுவில் வேகம் கூடிவிட்டது, பேஸ் கிட்டார் உன்னைத் துரத்திக்கொண்டு வந்தது என்று.

"ஆமா மேம்," என்றாள். "அந்த இடம் எனக்கு எப்பவும் ஓடும்."