மூடிய கண்ணுக்குள் மின்னல்

1969-ஆம் ஆண்டு அப்பல்லோ 11 கலத்தில் சந்திரனுக்குச் சென்று திரும்பிய ஆல்டிரின், இருளில் தம் கண்ணுக்குள் ஒளிப்பொட்டுகளும் கீற்றுகளும் தோன்றி மறைந்தனவென்று தெரிவித்தார். பின்னர்ச் சென்ற வீரர் பலரும் கண்களை மூடிய நிலையிலும் இவற்றைக் கண்டனர். அறிவியலார் சிலருக்கு இது வியப்பளிக்கவில்லை. அண்டக் கதிர்கள் கண்ணில் பாய்ந்தால் இத்தகைய தோற்றம் உண்டாகக்கூடுமென்று கார்னீலியஸ் டோபையாஸ் 1952-லேயே எழுதியிருந்தார்.

இதைப்பற்றி வரும் எளிய கட்டுரைகளில் விளக்கம் பெரும்பாலும் இரண்டு வரிகளில் முடிந்துவிடுகிறது. அண்டக் கதிர்கள் விழித்திரையைத் தாக்குகின்றன என்பது முதல் வரி. கலத்தினுள் பதிவாகும் கதிர்வீச்சின் அளவு சிறியது, ஆகவே கண்ணுக்குத் தீங்கில்லை என்பது இரண்டாவது வரி. முதல் வரி பாதி உண்மை. இரண்டாவது வரியோ, நாம் அளந்தது எதை என்பதையே மறந்து எழுதப்படுவது.

கதிர்வீச்சளவி காட்டுவது என்ன? ஒரு கிலோகிராம் பொருளில் எவ்வளவு ஆற்றல் தங்கிற்று என்னும் சராசரியைத்தான். முற்றத்தில் வைத்த பாத்திரத்தில் சேர்ந்த நீரை அளந்துவிட்டு, பெய்தது தூறலா ஆலங்கட்டியா என்று சொல்ல முடியுமா? அண்டக் கதிர்களில் (பெயர்தான் கதிர்; உண்மையில் பெரும்பாலும் துகள்களே) புரோட்டான்கள் மிகுதி; இரும்பின் அணுக்கரு போன்ற கனமானவை அரிது. ஆனால் ஒரே வேகத்தில் செல்லும் துகள்கள் வழியில் இழக்கும் ஆற்றல், அவற்றின் மின்னூட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. இரும்பு அணுக்கருவின் மின்னூட்டம் 26. ஆகவே அது புரோட்டானைப்போல் 676 மடங்கு ஆற்றலைத் தன் பாதையிலுள்ள உயிரணுக்களில் கொட்டிச் செல்லும். சராசரி என்னும் போர்வை இதை மறைத்துவிடுகிறது.

ஒவ்வொரு துகளையும் தனித்தனியே அறிய, 1972-இல் அப்பல்லோ 16, 17 பயணங்களில் தலைக்கவசம் போன்ற ஒரு கருவி எடுத்துச் செல்லப்பட்டது. துகளின் தடத்தைப் பதிக்கும் பால்மத் தகடுகள் அதில் இருந்தன. ஒரு தொகுதி அசையாமல் நிற்க, மற்றொன்று மெல்ல நகர்ந்தது. இரண்டிலும் பதிந்த தடம் எவ்வளவு விலகியுள்ளது என்பதிலிருந்து துகள் பாய்ந்த நேரத்தைக் கணக்கிடலாம். நேர்த்தியான ஏற்பாடு! ஆயினும் ஏறத்தாழ ஒரு மணி நேரப் பதிவில், வீரர் கண்ட மின்னலுடன் ஐயமறப் பொருந்திய தடங்கள் மிகச் சிலவே. மேலும், அப்பல்லோ 16-இல் தோழர்கள் கண்டதை மாட்டிங்லி ஒருமுறையும் காணவில்லை. கலம் ஒன்று, கதிர்வீச்சு ஒன்று, கண்கள் வேறு. எளிய கட்டுரைகள் விட்டுவிடும் செய்தி இது.

மீர் நிலையத்தில் 1990-களில் நடந்த 'சில்-ஐ' சோதனைகளில் பால்மத்துக்குப் பதில் சிலிக்கன் உணர்விகள் அமைந்தன. மின்னல் தெரிந்தவுடன் வீரர் கைப்பொத்தானை அழுத்துவார். 2003-இல் வெளியான முடிவின்படி மின்னலுக்கு இரண்டு பிறப்பிடங்கள் உண்டு. கனமான அணுக்கருக்கள் நேரடியாகவே அதை எழுப்புகின்றன. புரோட்டான்களோ கண்ணிலுள்ள அணுக்கருக்களோடு மோதி, அப்போது சிதறும் துகள்களின் வழியாக எழுப்புகின்றன. முதல் வரியைப் பாதி உண்மை என்றது இதனால்தான். இச்சோதனையிலும் சாட்சி மனிதனே என்பதை மறத்தலாகாது. அயர்ந்த வீரர் அழுத்தத் தவறிய கணங்களை எல்லாம், துகள் பாயாத கணங்கள் என்று கொள்வதற்கில்லை.

தீங்கின் கதை வேறு. மின்னலை உணர்வது விழித்திரை. கண்புரை படர்வது வில்லையில். மின்னலைக் காணாத வீரரின் வில்லை தப்பிவிட்டதென்று பொருளில்லை. அமெரிக்க வீரர்களைப் பற்றி 2001-இல் வெளியான ஆய்வு, வில்லையில் 8 மில்லிசீவர்ட்டுக்கு மேல் கதிர்வீச்சுப் பெற்றவர்களிடம் கண்புரை கூடுதலாக இருந்ததென்று கூறியது. வீரர்களின் தொகை சிறியது. அவர்கள் கண்களோ அடிக்கடி சோதிக்கப்படுபவை. ஆகவே இம்முடிவையும் அப்படியே விழுங்கிவிட வேண்டாம். எனினும் அந்த 8-க்குப் பக்கத்தில் இன்னோர் எண்ணை வைத்துப் பாருங்கள். 2011-12-இல் கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாய்க்குச் செல்லும் வழியில், கலத்தின் உள்ளிருந்தே அளந்தது நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.8 மில்லிசீவர்ட். உடல் முழுதுக்கும் வில்லைக்கும் கணக்குச் சற்றே வேறுபடும் என்றாலும், அந்த வீதத்தில் 8 மில்லிசீவர்ட் ஐந்தாம் நாளே சேர்ந்துவிடும். ஊர்தி செவ்வாயை அடைய எட்டு மாதங்களுக்கு மேலாயிற்று.